வெள்ளிக்கிழமைப் பச்சைக்கறி

அக்கா சாப்பிட உட்கார்ந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு இரண்டு காப்புகளையும் முழங்கைப் பக்கமாக மேலே தள்ளிவிடுவார். சாப்பாட்டுக் கோப்பை வந்தவுடன் கை வைக்கமாட்டார். வெளியூரிலிருந்து வந்த ஒருவரைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதன்பிறகு சாப்பாடு முடியும்வரை அவரோடு பேச முடியாது. பேசினாலும் அவருக்குக் கேட்காது.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பெயரை எழுதினால் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம். வேலையிடத்தில் எல்லோரும் அக்கா என்றுதான் சொன்னோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் ஒரு பெரிய லோன்றியில் வேலை செய்தோம். ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் அங்கே சலவைக்கு வந்து குவியும். ஒரு விரிப்பை இரண்டு பேர் பிடித்து மடிக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் அக்கா. நாலு வருடம் அவருடைய முகத்தை ஒரு வெள்ளைத் துணிக்கு மேலாகத்தான் பார்த்தேன். நான் யாழ்ப்பாணம். அவர் மட்டக்களப்புப் பக்கம், மீனுக்குப் பேர்போன வாவிக்கரையில் பிறந்தவர்; வாய்க்கு வாய் 'கா' போட்டுப் பேசுவார். நான் வாய் திறக்காத ஆள். அதனால்தான் என்னைப் பிடித்தது என்று ஒருநாள் சொன்னார்.

"உனக்கிட்ட ஒண்டச் சொன்னா கிணத்துல கல்லுப் போட்ட மாதிரி கா. விழுந்த சத்தம் கூட வராது."

வெள்ளிக்கிழமைகளில் வேலை மத்தியானத்தோடு முடியும். நாங்கள் குடியிருந்த பார்க்டேலுக்குத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் திரும்பி வரும் வழியில் தாய்லாந்துக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடை இருந்தது. எட்டு மேசைகள். மனைவி சமைப்பார், கணவர் கொண்டுவந்து வைப்பார், கணவரின் தமக்கை குசினி வாசலில் ஒரு சின்ன மேசை போட்டுப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருப்பார். சுவரில் உயரத்தில் சாமிக்கு ஒரு பலகை, அதில் பூவும் சின்னக் குவளையில் தண்ணீரும் வைத்திருப்பார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே கண்ணாடியெல்லாம் நீராவி பிடித்து, தேங்காய்ப்பாலும் இலையும் மணக்கும்.

முதல் நாள் அங்கே போனபோது நான் கூச்சத்தால் குறுகிப்போனேன். கடையில் சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பக்கத்து மேசையில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் இருந்தார்கள். நான் கரண்டியையும் முள்ளுக்கரண்டியையும் எப்படிப் பிடிப்பது என்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா சோற்றுக்குள் கையை வைத்துவிட்டார்.

"அக்கா, பாக்கினம்," என்றேன்.

"பாக்கட்டும். கை இரிக்கக்குள்ள கரண்டி எதுக்கு? இரும்பு நக்கவா வந்த நாம?"

அந்தக் கணவர் பார்த்துவிட்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் அதில் ஒரு தேசிக்காய்த் துண்டும் போட்டுக் கொண்டுவந்து அக்காவின் கைக்குப் பக்கத்தில் வைத்தார். அதன்பிறகு நாங்கள் உட்கார்ந்ததும் அந்தக் கிண்ணம் வந்துவிடும்.

எங்கள் சாப்பாடு எப்போதும் ஒன்றுதான். பச்சை நிறத்தில் ஒரு மரக்கறிக் கறி. தேங்காய்ப்பாலில் வட்டுக்கத்தரிக்காய் மாதிரி சின்னக் காய்கள், மூங்கில் குருத்து, துளசி மாதிரி ஓர் இலை, மூக்கில் ஏறும் உறைப்பு. அதோடு வதக்கிய பயற்றங்காய். சோறு மூடி போட்ட சின்னச் சட்டியில் வரும். எனக்கு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மரக்கறி. அக்காவுக்கு எல்லா நாளும் மரக்கறி. முதல் நாளே நான் வீட்டில் பாடமாக்கிக்கொண்டு போனதைக் கணவரிடம் சொன்னேன்: "நோ மீற். நோ ஃபிஷ்." அவர் தலையாட்டி, "வெஜிடபிள், வெஜிடபிள்," என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

அக்கா ஏன் எல்லா நாளும் மரக்கறி என்பது எனக்கு ஒரு பிறந்தநாள் வீட்டில்தான் தெரியவந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு பெண்ணின் மகளுக்குப் பிறந்தநாள். பார்க்டேலில் பன்னிரண்டாம் மாடி. அறுபது பேருக்கு மீன்கறி காய்ச்ச அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். சட்டியில் கறி கொதிக்க, அவர் குனிந்து ஆவியை இரண்டு தரம் இழுத்தார்.

"அரைக் கரண்டி உப்புக் காணாது. புளி சரி."

உப்புப் போட்டார்கள். சாப்பிட்டவர்கள் எல்லோரும் கையை முகர்ந்து பார்த்தார்கள், அப்படி ஒரு கறி. அக்கா மட்டும் பருப்பும் சோறும் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் இருந்தார்.

"என்னக்கா, எங்களுக்கு மீன், உங்களுக்குப் பருப்போ? சட்டிக்குள்ளை ஏதும் போட்டுக் காய்ச்சினியளோ?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அக்காவும் சிரித்தார். பிறகு, மணி என்ன என்று சொல்வதுபோலச் சொன்னார்:

"நான் மீன் திண்டா என்ட மகன் வரமாட்டான் புள்ள."



திங்கட்கிழமை விரிப்பை மடித்தபடி மிச்சத்தை எனக்குச் சொன்னார். ஒரே மகன். பதினெட்டு வயது. இராணுவம் ஊரைச் சுற்றி வளைத்த ஒருநாள், வீட்டில் படித்துக்கொண்டிருந்தவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இரண்டு வருடம் ஒவ்வொரு முகாம் வாசலாக நின்றிருக்கிறார். அதன்பிறகு தம்பியார் பிடிவாதமாக அக்காவையும் மகளையும் கனடாவுக்கு அனுப்பினார். வருமுன் ஊர் அம்மனிடம் போய் நேர்த்தி வைத்திருக்கிறார், அவன் வந்து என் கையால் மீன்கறி சாப்பிடும்வரை நான் மீன் வாயில் வைக்கமாட்டேன் என்று.

"விருப்பமானத விட்டாத்தானே கா அம்மன் கேப்பா. எனக்கு விருப்பமானது ரெண்டு. ஒண்டு அவன். மற்றது மீன். மீன்தான் மிச்சம் இரிந்திச்சி, அதக் குடுத்துட்டன்."

விரிப்பின் இரண்டு மூலையையும் கொண்டுவந்து என் கையில் தந்தார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

மற்ற நாட்களில் அவர் சோறும் பருப்பும் ஒரு பெட்டியில் கொண்டுவருவார். கடிகாரத்தைக் கழற்றமாட்டார். நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுப் பெட்டியை மூடிவிடுவார். ஆள் மெலிந்து போயிருந்தார். அந்தத் தாய்லாந்துக் கடையில் மட்டும்தான் அவருடைய முகத்தில் இரத்தம் ஏறும். கடைசிக் குழம்பை விரலால் வழித்துவிட்டு, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஊருக்குப் போய்விட்டு வருகிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அதைப் பார்க்கத்தான் நானும் போனேன் என்று சொல்லலாம்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாடு வருமுன் நான் கழிவறைக்குப் போனேன். அது குசினிக்குப் பக்கத்தில். புகை போகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த மனைவி எங்கள் பச்சைக்கறிக்குள் நீளக் கழுத்துப் போத்தல் ஒன்றிலிருந்து மண்ணிறமாக எதையோ ஊற்றினார். போத்தலில் மீன் படம்.

நெருப்புப்பெட்டியில் கப்பல் படம் இருந்தால் உள்ளே கப்பலா இருக்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் கால் நகரவில்லை. வாசலில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த தமக்கை, நான் பார்ப்பதைப் பார்த்து, போத்தலை எடுத்து ஒரு துளி கரண்டியில் விட்டு நீட்டினார். முகர்ந்தேன். கருவாட்டுச் சட்டி கழுவிய தண்ணீரின் மணம்.

நான் திரும்பி வரும்போது அக்கா சாப்பிடத் தொடங்கிவிட்டார். கடிகாரம் மேசையில் இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து கோப்பையைப் பார்த்தேன். எனக்கு என் வெள்ளிக்கிழமை விரதம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அக்காவின் இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளும் வரிசையாக என் முன்னால் நின்றன. இதைச் சொன்னால், இதனால்தான் மகன் இன்னும் வரவில்லை என்று அவர் நினைக்கமாட்டாரா? சொல்லாவிட்டால், தெரிந்துகொண்டே நான் அவரை மீன் தின்ன விடுகிறேன் அல்லவா?

வீட்டுக்கு வந்து இவரிடம், என் கணவரிடம், கேட்டேன்.

"இஞ்சருங்கோ, ஒராள் தெரியாமல் நேர்த்தியை முறிச்சால் குற்றமோ?"

"ஆர், நீரோ?"

"இல்லை. ஒராள்."

"தெரியாமல் செய்தால் என்ன குற்றம்? சொல்லிக் குடுக்கிற ஆளுக்குத்தான் குற்றம். நீர் ஒருநாளும் வாய் திறக்காத மனிசி. இதுக்கு மட்டும் ஏன் திறக்கப் போறீர்?"

மூன்று வெள்ளிக்கிழமை வாய் திறக்காமல் இருந்தேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிற்றில் சுகமில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாலாவது கிழமை அக்கா வேலைக்கு வேறு ஆளாக வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்து வாரியிருந்தார். முதல் விரிப்பை எடுத்துத் தரும்போதே சொன்னார். தம்பியார் கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தாராம். தெற்கில் ஒரு முகாமிலிருந்து விடுதலையான ஆள் ஒருவர், உள்ளே நெற்றியில் தழும்போடு தங்கள் ஊர்ப் பொடியன் ஒருவன் இருக்கிறான் என்று சொன்னாராம். மகனுக்கும் நெற்றியில் தழும்பு. தம்பியார் நேரில் பார்க்க அனுமதி எடுத்திருக்கிறார்.

"எப்ப அக்கா போறார்?"

"அங்க சனிக்கிழமை விடிய. இஞ்ச வெள்ளிக்கிழமை ராவு."

அன்றைக்கு அவர் மடித்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்த ஒரு வெள்ளிக்கிழமையாவது அவருடைய நேர்த்தி சுத்தமாக இருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். இவர் சொன்னதையும் மீறி, வெள்ளி காலையில் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கடையின் பின்கதவைத் தட்டினேன். முன்பின் பேசிப் பழகாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வெஜிடபிள். போத்தல் நோ," என்றேன்.

"வெஜிடபிள், யெஸ். நோ ஃபிஷ்."

"போத்தல் ஃபிஷ். மை சிஸ்டர் நோ."

அவர் சிரித்து, "லிற்றில்," என்று விரலால் காட்டினார். அவர்களுக்கு அது உப்பு மாதிரி. மீன் என்ற கணக்கிலேயே இல்லை. எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு, "ஹெர் சன். லொஸ்ற். ஷீ பிறே. நோ ஃபிஷ்," என்றேன். அவருடைய சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்தார். உள்ளே போய், புதுச் சட்டி ஒன்றை எடுத்துக் கழுவுவது எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் கறி வந்தது. பார்வைக்கு அதே பச்சை. அக்கா கடிகாரத்தைக் கழற்றினார், காப்பைத் தள்ளினார், பார்த்தார், குழைத்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவது நின்றது. குசினிப் பக்கம் திரும்பினார். வாசலில் நின்ற அந்த மனைவி சட்டென்று உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீதான் சொன்ன?"

தலையை ஆட்டினேன்.

"எப்ப கண்ட?"

"நாலு கிழமை ஆச்சு."

அக்கா சோறு மிச்சம் விடாமல் எல்லாவற்றையும் சாப்பிட்டார். பஸ்சுக்கு நேரமானவர் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார். கிண்ணத்தில் கையைக் கழுவி, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

ஸ்ரீட்கார் நிற்கும் இடத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. அக்கா வழியைப் பார்த்தபடியே பேசினார்.

"மொத நாள், மொத வாயிலயே எனக்குத் தெரியும் கா. நான் வாவிக்கரைப் புள்ள. எனக்குத் தெரியாதா?"

நான் நிமிரவில்லை.

"அவங்களும் சொல்லல்ல, நானும் கேக்கல்ல. ஆறு நாள் அவனுக்கு, ஒரு நாள் மத்தியானம் எனக்கு எண்டு வெச்சிக்கிட்டன். அம்மன் கண்ட மாதிரிக் காட்டல்ல. நானும் காட்டல்ல. மறுகா இப்ப நீ கண்டுட்டாய்."

"குறை நினைக்காதையுங்கோ அக்கா. நான் நல்லதுக்கெண்டுதான்..."

"உன்னில என்ன பிழை? நீ நேர்த்தியக் காப்பாத்தின. நான்தான் காப்பாத்தல்ல." வழியை இன்னொரு தரம் எட்டிப் பார்த்து, "இண்டைக்குப் பாத்தா சுத்தமா இரிக்கன். அங்க இப்ப என்ன மணி இரிக்கும்?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை எண்ணெய் வைக்காத தலையோடு வந்தார். விரிப்பை எடுத்தோம். மூன்றாவதோ நாலாவதோ மடிக்கும்போது சொன்னார்:

"தம்பி பாத்தானாம். தழும்பு இரிக்காம். ஆனா வேற நெத்தி."

நான் விரிப்பை நழுவ விட்டுவிட்டேன்.

"தூக்கு, ஊத்தை படும். அது வேற ஆற்றயோ புள்ள கா. அந்தத் தாய்க்கு அறிவிச்சிருக்காம். அவ இண்டைக்கு மீன் காய்ச்சுவா."

அதன்பிறகு அவர் அந்தக் கடைக்கு வரவில்லை. ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும். இரண்டு வருடத்து வெள்ளிக்கிழமைகளால்தான் அது வேறு நெற்றியாகப் போனதா? அல்லது நான் வாய் திறந்ததாலா? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று இவர் சொல்வார். பகலில் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் விரிப்புக்கு மேலாக அந்த முகம் கிழமைக்குக் கிழமை சின்னதாகிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். வெள்ளிக்கிழமைகளிலும் அவர் கடிகாரத்தோடு நின்றபடி பருப்புச் சோறு சாப்பிட்டார். ஸ்ரீட்கார் அந்தக் கடையைத் தாண்டும்போது மற்றப் பக்கம் திரும்பி, ஏதாவது கதைப்பார்.

அடுத்த வருடம் மகள் கலியாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வெளியே விட்பியில் வீடு வாங்கினாள். அக்காவும் கூடப் போனார். அங்கேயிருந்து லோன்றிக்கு வர முடியாது. எப்போதாவது ரெலிபோனில் பேசுவோம். என்ன சமைத்தாய் என்று கேட்பார். நான் சொல்லச் சொல்ல, மற்றப் பக்கம் சத்தம் இருக்காது.

ஒருநாள் மகள் எடுத்தாள்.

"அன்ரி, அம்மா ஒண்டும் சாப்பிடுறா இல்லை. டொக்டர் என்னவும் குடுக்கலாமெண்டு சொல்லிப்போட்டார். எனிதிங், அன்ரி. அப்பிடியெண்டால் விளங்குதுதானே. உந்த நேர்த்தியை விடச் சொல்லுங்கோ. உங்கட சொல்லெண்டால் கேப்பா."

என் சொல்லால்தானே இப்படி ஆனார் என்று அவளுக்குத் தெரியாது.

நான் தனியாக அந்தத் தாய்லாந்துக் கடைக்குப் போனேன். பச்சைக்கறி பார்சல் என்றேன். மனைவி என்னை அடையாளம் கண்டு, போத்தலைத் தூக்கிக் காட்டி, கண்ணால் கேட்டார். அவர் கையைக் கீழே இறக்காமல் நின்றார். 

"ஊத்துங்கோ," என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

பார்சலை மடியில் வைத்துக்கொண்டு ரெயினில் விட்பிக்குப் போனேன். மகள் ஸ்ரேசனுக்குக் கார் கொண்டுவந்தாள். புது வீடு, பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. அக்கா யன்னலோரம் ஒரு கதிரையில் இருந்தார். போர்வைக்குள் ஆள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. மகள் கோப்பை ஒன்று கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போனாள். நான் பார்சலைப் பிரித்தேன். மணம் எழும்பியது.

"மரக்கறிதான் அக்கா. போத்தல் விடயில்லை."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உனக்குப் பொய் சொல்ல வராது கா."

"அவனுக்காண்டி எவ்வளவு செய்தாச்சு அக்கா. ஒரு வாய்."

"அவன் இன்னும் வரல்லையே."

நான் பார்சலை மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"மூடாத. நீ சாப்பிடு. நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நான் சாப்பிட்டதில்லை. என் கலியாணத்தில் கூட அறைக்குள் போய்த்தான் சாப்பிட்டேன். ஆனாலும் குழைத்து ஒரு வாய் வைத்தேன். அவருடைய கண் என் வாயை விட்டு விலகவில்லை.

"எப்பிடி இரிக்கு?"

"நல்லா இருக்கு."

"அது வெறும் பேச்சு. ஒவ்வொண்டாச் சொல்லு."

எனக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது. ஆனால் சொன்னேன். முதலில் தேங்காய்ப்பால் வருகுது அக்கா. பிறகு இலை. பிறகு கத்தரிக்காயின்ரை கசப்பு, கொஞ்சம்தான். உறைப்பு உடனே இல்லை, காதுக்குப் பின்னாலை வந்து நிக்குது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இன்னும் ஒண்டு இரிக்கு," என்றார்.

நான் கோப்பையைப் பார்த்தேன்.

"அதையும் சொல்லு கா."

"மீன், அக்கா. எல்லாம் போன பிறகு, நாக்கின்ரை அடியிலை நிக்குது."

அக்கா கண்ணை மூடினார். அவருடைய வாயில் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை நான் கண்டேன்.

"இன்னொரு வாய் சாப்பிடு," என்றார்.